மூடியைக் கவிழ்த்த கதை

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஆம்பூரில் புதிதாகச் சேர்ந்த கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவன் ஒருவன் வந்து நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். திரையில் படம் போட்டுக் காட்டினார். சில ஊர்களில் இப்போது கொசுவைக் கொல்வதில்லையாம். கொசுவின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிரைக் குடிவைத்து, பெட்டி பெட்டியாக ஊருக்குள் பறக்க விடுகிறார்களாம். அந்த நுண்ணுயிர் இருக்கும் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாக வளராதாம். அது ஊர்க்கொசுவோடு சம்பந்தம் செய்துகொண்டு பிள்ளைகுட்டி பெற்று, கொஞ்ச காலத்தில் ஊர்க்கொசு எல்லாம் சாதுவாகிவிடுமாம்.

நான் பேச எழுந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், நீங்க சர்வீஸ் பூரா கொசுவ சாவடிச்சீங்க. இப்ப வளர்த்து வுடணும்ன்றாங்க. நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

"நல்ல எடத்து சம்பந்தமா இருந்தா வேணாம்னு சொல்றதுக்கு நாம யாரும்மா?" என்றேன். கூட்டம் சிரித்தது. "விஞ்ஞானம் வரட்டும், நல்லா வரட்டும். ஆனா அந்தப் பெட்டி ஆம்பூருக்கு வர்ற வரைக்கும் பிரியாணி மூடிய எப்படி வைக்கணும்னு தெரிஞ்சுக்குங்க."

மூடியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் டீயும் சமோசாவும் வந்துவிட்டன. சமோசாவோடு மோதி ஜெயித்த பேச்சாளர் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் முழுக்கதையையும் இங்கே எழுதுகிறேன்.

என் பதவியின் பெயர் பூச்சி சேகரிப்பாளர். அரசாங்கத்தில் இப்படி ஒரு பதவி இருக்கிறது என்று என் அப்பாவுக்கே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கையில் ஒரு டார்ச் லைட், ஒரு கண்ணாடிக் குழாய், அதோடு சேர்ந்த ரப்பர் டியூப். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கண்ணாடிக் குழாயின் வாயை வைத்து, ரப்பர் டியூபை நம் வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். கொசு குழாய்க்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் நம் வாய்க்குள் வராது. வலைத்துணி கிழிந்திருந்தால் வரும். கிழிந்த அன்று எனக்குப் புரை ஏறிய கதை தனி.

திருப்பத்தூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்த்தபோது "பையன் சுகாதாரத் துறை" என்று மட்டும் என் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் விசாரிக்க வந்தார். அந்த நேரம் பார்த்து நான் ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவரில் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மனிதர் திரும்பிப்போய், "பையன் மாட்டுக் கொட்டாய் சுவத்துக்கு முத்தம் குடுத்துக்கினு இருக்கான். கொஞ்சம் யோசிங்க" என்று சொல்லியிருக்கிறார். யோசித்தார்கள். கவர்ன்மெண்ட் உத்தியோகம் என்பதால் மன்னித்துவிட்டார்கள். என் மனைவி இன்றைக்கும் கோபம் வந்தால் "அந்த மாமன் பேச்சக் கேட்டிருக்கணும்" என்பாள்.

ஆரம்பத்தில் மலேரியாக் கொசு. அது ராத்திரிக்காரி. பிறகு டெங்கு வந்தது, எங்கள் தொழிலே தலைகீழாக மாறியது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையை ஏறெடுத்தும் பார்க்காது. நாம் குடிப்பதற்காகப் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். காலில் வெள்ளை வளையம் வளையமாகக் கொலுசு போட்டிருக்கும். இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஆகவே எங்கள் துறையில் அதற்கு மரியாதையாக "அந்தம்மா" என்று பெயர். "அந்தம்மா எந்தத் தெருவுல இருக்காங்க?" என்று நாங்கள் டீக்கடையில் பேசுவதைக் கேட்டு, ஏதோ பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று பயந்தவர்கள் உண்டு.

இந்தப் பெயரை வைத்தவர் எங்கள் பூச்சியியல் அலுவலர் செல்வநாயகி மேடம். ஒல்லியானவர். குட்டையானவர். குரலை உயர்த்திப் பேசி, ஒரே ஒரு நாள் தவிர, நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஜீப்பிலிருந்து இறங்கினாலே நாங்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிவோம், ஏனென்றால் கேள்வி கேட்பார். ஒரு வீட்டு வாசலில் நின்று மெதுவாக, "நீ அந்தம்மாவா இருந்தா இப்ப எங்க போவே?" என்பார். நாங்கள் யோசித்து, "மாடித் தொட்டி மேடம்" என்போம். போய்ப் பார்த்தால் தொட்டிக்கு மூடி இருக்கும். "அப்ப நீ முட்டை போட எடமில்லாம செத்துப்போன கொசு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். எங்கள் குழுவில் தினமும் யாராவது ஒருவர் செத்துப்போன கொசுவாக வீடு திரும்புவோம்.

அவரிடம் ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் இருந்தது. டிரம்மில் புழுவைத் தேடும் முறை ஒன்று உண்டு. நிழல் விழாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நிழல் பட்டால் புழு அடியில் போய்விடும். அகப்பையை ஓரமாகச் சாய்த்து, தண்ணீர் தானாக வழிந்து உள்ளே வருகிற மாதிரி முகக்க வேண்டும். அதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் புழு நெளியும். மேடம் அந்தக் கிண்ணத்தை வீட்டுக்காரம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்கள் அரை மணி பேசினாலும் அசையாதவர்கள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் "அய்ய, இதையா குடிச்சோம்!" என்று டிரம்மைத் தெருவில் கவிழ்ப்பார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும், "புழு இருந்தா தண்ணி நல்ல தண்ணின்னு அர்த்தம் மேடம். உப்புத் தண்ணியில புழு வருமா?" என்று கேட்டார். மேடம் சிரித்துவிட்டார். ஏனென்றால் அந்த அம்மா சொன்னது உண்மை.

எங்கள் பக்கத்துச் சங்கடமே அதுதான். தோல் பதனிடும் ஊர். நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பாலாற்றில் மணலைத்தான் பார்க்கலாம். குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. வந்தால் டிரம், அண்டா, குடம், வாளி, சோறு வடிக்கும் சட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்க வேண்டும். டேனரிக்கு ரசாயனம் வந்த நீல நிற டிரம்தான் கழுவிக் கழுவி வீட்டுக்கு வீடு நிற்கும். அந்தம்மாவுக்கு இதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி எங்கே கிடைக்கும்? தண்ணீரைச் சேர்க்காதே என்று நாங்கள் சொன்னால் ஜனங்கள் எங்களையே பிடித்து டிரம்மில் போட்டிருப்பார்கள். அதனால் மேடம் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் இருப்பதை மூடு. தண்ணீர் இல்லாததைக் கவிழ்த்து வை.

"கவுத்தாச்சா?"

இதுதான் மேடத்தின் வணக்கம். தெருவில் நுழைந்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை, கவுத்தாச்சா என்றுதான் கேட்பார். பீடி சுற்றும் பெண்கள், ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள், மசூதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் "கவுத்தாச்சு மேடம்!" என்று பதில் சொல்லப் பழகினார்கள். காலி வாளி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, உடைந்த ஆட்டுக்கல் எல்லாம் கவிழ்ந்தன. ஒரு டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸ்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களிடம் பாராட்டு வாங்கினார்.

அந்தப் பாராட்டுகளில் முதல் பரிசு யாகூப் பாய்க்கு.

யாகூப் பாய் ஆம்பூரில் கல்யாண பிரியாணி மாஸ்டர். மாடி வைத்த வீடு. மொட்டை மாடியில்தான் அவருடைய தேக்சாக்கள் இருக்கும். தேக்சா என்றால் ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் என்கிற அளவு பெரிய செம்புப் பாத்திரம். முஹர்ரம் மாதத்தில் எங்கள் பக்கத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் தேக்சாக்களுக்கும் அந்த மாதம் லீவு. அந்த வருடம் முஹர்ரம் ஐப்பசி மழையோடு சேர்ந்து வந்தது.

நாங்கள் மாடிக்குப் போய்ப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. செங்கல் அடுக்கி, அதன் மேல் தேக்சாக்கள் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. எங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேடம் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். யாகூப் பாய் நடுவில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். அந்தப் போட்டோ பல கூட்டங்களில் முன்மாதிரி வீடு என்று காட்டப்பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முன்மாதிரி வீட்டைச் சுற்றித்தான் காய்ச்சல் கிளம்பியது.

முதலில் எதிர்வீட்டில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண். பிறகு அவள் தம்பி. பிறகு பக்கத்துச் சந்தில் இரண்டு வீடு. எல்லாம் டெங்கு. தெரு முழுவதும் டிரம் டிரம்மாகப் பார்த்தோம். மசூதியில் தொழுகைக்குக் கை கால் கழுவும் தொட்டியில் எட்டிப் பார்த்தோம். அங்கே நாங்களே விட்ட மீன்கள் கொழுத்துத் திரிந்தன. புகை அடித்தோம். புகை அடித்தால் பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள், கவுன்சிலர் சந்தோஷப்படுவார், பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும், தண்ணீரில் இருக்கும் புழு மட்டும் சௌக்கியமாக இருக்கும். தெருவில் என்னைக் கண்டால் "மச்சர் மாமு வந்துட்டாரு, இன்னைக்கு யாருக்கு ஜுரம்?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். மச்சர் என்றால் உருதுவில் கொசு. எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு யாகூப் பாயின் மருமகளுக்கே வந்தது. ஷபானா என்று பெயர். தலைப்பிரசவம், ஏழு மாதம் முடிந்திருந்தது. கணவன் சவுதியில். மாடியில் மொட்டை மாடிக்குப் போகும் கதவை ஒட்டிய அறையில் படுத்திருந்தாள்.

அவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு அறைக்குள் கொசு பிடித்தேன். கட்டிலுக்கு அடியில், தொங்கிய பர்தாக்களின் மடிப்பில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் கொலுசு போட்ட கொசுக்கள். குழாய் நிறைந்துவிட்டது. மேடம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல பாதி ஆம்பள."

ஆண் கொசுவுக்கு மீசை புசுபுசுவென்று இருக்கும், பார்த்தாலே தெரியும். அது கடிக்காது. பூச்சாறு குடித்துவிட்டுப் பிறந்த வீட்டுப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும் சோம்பேறி. அது ஓர் அறையில் இவ்வளவு இருந்தால் பிரசவ அறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"இங்கதான் எங்கியோ பொறக்குது" என்றார் மேடம். "இந்த வீட்டுலியேதான்."

"வீடு சுத்தமா இருக்கே மேடம். நாமளே போட்டோ எடுத்தோமே."

"நீ அந்தம்மாவா இருந்தா போட்டோ பார்த்துட்டுத் திரும்பிப் போய்டுவியா?"

ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடித் தொட்டி, மழைநீர்க் குழாய், பறவைக்கு வைத்த கிண்ணம் என்று எல்லாம் பார்த்தோம். மொட்டை மாடியில் தேக்சாக்கள் சமர்த்தாகக் கவிழ்ந்திருந்தன. ஒன்றும் இல்லை. அன்றைக்கு எங்கள் குழு முழுவதும் செத்துப்போன கொசுக்கள்.

மறுபடி தேடலாம் என்று நான் போனபோது வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. யாகூப் பாய் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஜுரம் வுட்டுடுச்சு சார்! அல்ஹம்துலில்லா! குடியாத்தத்துல அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்புறேன். எப்படியும் பிரசவத்துக்குப் போகணும். இந்த மச்சர் பேஜாரும் இருக்காது."

ஷபானா சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா செய்யுது?" என்று கேட்டேன். "வயிறு வலிக்குது மாமு. காலைலேர்ந்து வாந்தி. ஆனா ஜுரம் இல்ல" என்றாள். யாகூப் பாயின் மனைவி அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "கை சில்லுனு இருக்குது, அவ்ளோதான். வெறும் வயிறு" என்றார்.

இத்தனை வருடக் கூட்டங்களில் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம் அது. டெங்குவில் காய்ச்சல் அடிக்கும்போது பயப்படுவதைவிட, காய்ச்சல் விடும்போது விழித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், கை கால் சில்லிடும், வயிறு வலிக்கும். ஜுரம் விட்டது என்று கடாவெட்டுக்குப் போனவர்கள் உண்டு. இந்தக் கார் குடியாத்தம் போனால் தாயும் பிள்ளையும் திரும்பி வருவார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாய், வண்டிய வேலூருக்கு வுடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

"ஜுரம் வுட்ட அப்பறம் ஆஸ்பத்திரியா? நல்ல நேரத்துல அபசகுனமா பேசாதீங்க சார். நீங்க கொசு டாக்டரா, மனுச டாக்டரா?"

"ரெண்டுமே இல்ல பாய்."

"பின்ன?"

மேடத்துக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காருக்குள் டிரைவர் ஹாரன் அடித்தான். என் கண்ணுக்கு எதிரே யாகூப் பாய் இருந்தார். கருகிய விரல்கள், புகையில் சிவந்த கண்கள். என் வாயில் தானாக வந்தது.

"பாய், தம் போடும்போது அடுப்புல தீய எப்ப எறக்குவீங்க?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லுங்க."

"அரிசி முக்காப்பதம் வந்ததும் தீய எறக்கிடுவேன். மூடி போட்டுத் தம்."

"தீ எறங்கிடுச்சேன்னு வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போய்டுவீங்களா?"

"அதெப்படிப் போறது? அப்பறம்தானே உள்ள மொத்த வேலையும் நடக்குது! அப்பதான் பக்கத்துலியே..."

அவர் நிறுத்திவிட்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் படியில் தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பெட்டியை அப்படியே தெருவில் வைத்துவிட்டு அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்.

"வேலூர் போடா" என்றார் டிரைவரிடம். "எங்கியும் நிக்காத."

கார் போன பிறகுதான் மேடம் போனில் கிடைத்தார். விஷயத்தைச் சொன்னேன். "சரி. ஆஸ்பத்திரிக்கு நான் பேசிக்கிறேன். நீ அங்கியே இரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நானும் மேடமும் மறுபடி அந்த மொட்டை மாடியில். மேடம் மழைநீர்க் குழாயின் வாயில் கண்ணை வைத்திருந்தார். நான் கவிழ்ந்த தேக்சாக்களுக்கு நடுவே புகுந்து தரையில் ஈரம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது யாகூப் பாய் வந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தார். முகம் ஒரே நாளில் சுருங்கியிருந்தது. "ரத்தத்துல தட்டணு கொறஞ்சுக்கினே போவுதுன்றாங்க. ஈறுல ரத்தம் வருது. சலைன் ஏறுது" என்றார்.

அதே நேரம் அவருடைய ஆள் சலீம் மேலே ஏறிவந்தான். பேரணாம்பட்டில் ஓர் இந்து வீட்டுக் காதுகுத்துக்கு எப்போதோ ஒப்புக்கொண்ட ஆர்டர். முஹர்ரம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. பாய் வர முடியாவிட்டாலும் பாத்திரம் போயாக வேண்டும். பாய் சோர்வோடு ஒரு தேக்சாவைக் கை காட்டினார்.

சலீம் நல்ல உயரம். கவிழ்ந்த தேக்சாவின் முதுகில் இருந்த மூடியை எட்டிப் பிடித்துத் தன் பக்கத்து விளிம்பைத் தூக்கினான்.

தேக்சாவுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த என் தலையில் ஒரு வாளி தண்ணீர் விழுந்தது.

"யா அல்லா! சார் அங்க இருக்காரா!" என்றான்.

நான் நிமிர்ந்தேன். தலை, முகம், சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. துடைக்கப் போனேன்.

"அசையாத!" என்று ஒரு குரல். மேடம் முதன்முறையாகச் சத்தம் போட்டார். "அப்படியே நில்லு!"

கிண்ணத்தோடு ஓடிவந்தார். என் சட்டைப்பையின் மேல் ஏதோ நெளிந்தது. காலரில் ஒன்று. புருவத்தில் ஒன்று. மேடம் சொட்டுக் குழாயால் ஒவ்வொன்றாக என் மேலிருந்து உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டார். புழுவில் சின்னது, பெரியது, கூட்டுப்புழு என்று எல்லா வயதும் இருந்தன. சர்வீஸ் பூரா ஊர் ஊராக நான் தேடிப்போன புழு, அன்றைக்குத் தானாக வந்து என் தலையில் விழுந்தது.

மேடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறினார். ஏறி நின்று வரிசையாகப் பார்த்தார். எல்லாத் தேக்சாவின் முதுகிலும் அதனதன் மூடி. எல்லா மூடியும் விளிம்பு மேலே பார்க்க. எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர், நாலு விரல் ஆழத்துக்கு.

நாங்கள் கீழே நின்று பார்த்தவர்கள். செங்கல்லின் உயரம், தேக்சாவின் உயரம், அதற்கு மேல் மூடி. எங்கள் யாருடைய கண்ணும் அங்கே எட்டவில்லை. மேடத்துக்கோ எட்டவே எட்டாது. பிற்பாடு அந்த முன்மாதிரிப் போட்டோவைப் பார்த்தபோது யாகூப் பாயின் தலைக்கு மேலே மூடிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மாவட்டமே கை தட்டிய போட்டோ.

"மூடிய ஏன் பாய் இப்படி வச்சீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

யாகூப் பாய் மூடியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றார். "எல்லாத்தையும் கவுக்கச் சொன்னீங்க. ஒண்ணு வுடாம கவுக்கச் சொன்னீங்க. தேக்சாவக் கவுத்தேன். மூடியையும் கவுத்தேன்."

பாத்திரத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் நிற்காது. மூடியைக் கவிழ்த்தால் அது தட்டாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஊரில் ஒருவர் வாளியைக் கவிழ்ப்பார், டயரை மறந்துவிடுவார். இன்னொருவர் நாங்கள் வரும் அன்றைக்கு மட்டும் கவிழ்ப்பார். எங்கள் வார்த்தையை ஓர் எழுத்துக்கூட விடாமல் நம்பியவர் யாகூப் பாய் ஒருவர்தான்.

"என் மருமவள நானே..." என்று ஆரம்பித்தவர் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் ஸ்டூலிலிருந்து இறங்கி அவருக்கு எதிரில் அதே ஈரத்தரையில் உட்கார்ந்தார். "உங்க மேல தப்பு இல்ல பாய். கவுக்கச் சொன்னது நாங்க. மூடியப் பத்தி யோசிக்காதது நாங்க. ஏறிப் பார்க்காம போட்டோ எடுத்ததும் நாங்க" என்றார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. இத நாங்க பாத்துக்கிறோம்." மேடத்தின் கண் கலங்கியிருந்தது. எனக்கு முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் என் கண்ணை யாரும் கவனிக்கவில்லை.

மூடிகளை ஒவ்வொன்றாக இறக்கி வெயிலில் காய்ந்த தரையில் கொட்டினோம். அந்தத் தெருவில் மேலும் இரண்டு சமையல்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் மேடத்தின் சொல் தட்டாதவர்கள். அவர்கள் மாடிகளிலும் மூடிகள் தட்டுகளாக மழையை ஏந்திக்கொண்டிருந்தன.

அதற்கடுத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் யாகூப் பாய்க்குப் போன் போடுவேன். "அப்படியேதான் சார் இருக்குது" என்பார். மறுநாளும் அப்படியே. பிறகு ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"சார்... பசிக்குதுன்னு சொல்லிச்சு சார்."

"யாரு?"

"ஷபானாதான் சார், வேற யாரு! பசிக்குதாம். தட்டணு ஏறுதாம். உள்ள குழந்தையும் உதைக்குதாம். கஞ்சிதான் குடுக்கலாம்ன்றாங்க. பிரியாணி மாஸ்டர் வூட்டு மருமவளுக்குக் கஞ்சி!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் ரோட்டோரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அந்தத் தெருவில் பிறகு காய்ச்சல் அடங்கியது. ஊரில் அடங்கியது என்று சொன்னால் பொய். அடுத்த மழையில் வேறு தெரு, வேறு பாத்திரம். ஆனால் மாறியதும் உண்டு. இரத்தப் பரிசோதனை முடிவு சீக்கிரம் வருகிறது. காய்ச்சல் விட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று ஷூ கம்பெனிப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். டிரம்முக்கு வலைமூடி தைத்துப் போடுகிறார்கள். குழாயில் தண்ணீர் மட்டும் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. அது தினமும் வருகிற அன்றைக்குப் பாதிக் கொசு தானாக ஊரைவிட்டுப் போய்விடும் என்று மேடம் சொல்வார். நானும் அதைத்தான் நம்புகிறேன்.

மேடம் தன் வணக்கத்தை மாற்றிக்கொண்டார். "கவுத்தாச்சா?" போய், "தண்ணி எங்கியாவது நிக்குதா?" என்று ஆனது. ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தார். ஆம்பூரில் அவருக்கு ஸ்டூல் மேடம் என்றே பெயர் வந்துவிட்டது.

யாகூப் பாய் செய்தது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து மருமகளைக் கூட்டிவந்த அன்றே ஒரு பெரிய ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். எல்லா மூடியிலும் நடுவில் ஒரு ஓட்டை அடித்தார். இனி எவன் எப்படி வைத்தாலும் தண்ணீர் நிற்காது. ஆத்திரத்தில் பிரியாணிக்குத் தம் போட வேண்டும் என்பதை மறந்துவிட்டார். முஹர்ரம் முடிந்து முதல் கல்யாணத்தில் மூடி போட்டதும் ஓட்டை வழியாக ஆவி குக்கர் மாதிரி சீறியது. மனிதர் பதறிப்போய் மைதா மாவை உருட்டி அந்த ஓட்டையில் வைத்து அப்பினார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு ஆணி அடித்து ஓட்டையை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்பதாக இல்லை.

ஷபானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயிஷா. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என்னை மச்சர் தாத்தா என்று கூப்பிடுகிறாள். அந்தப் பயிற்சி வகுப்புக்கு அடுத்த வாரம் அவள் குர்ஆன் ஓதி முடித்ததற்காக வீட்டில் விருந்து வைத்தார்கள். நானும் மேடமும் போயிருந்தோம். யாகூப் பாய்க்கு முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்தபடி அதிகாரம் செய்துகொண்டிருந்தார். தீயை இறக்கி மூடியைப் போட்டார்கள். ஓட்டையில் ஆவி சீறியது. ஆயிஷா கையில் மாவு உருண்டையோடு ஓடிவந்து, கட்டைவிரலால் வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது.

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சமோசாவால் நின்றுபோன கதையை இங்கேயாவது முடிக்கலாம் என்று தோன்றியது. "இந்த ஓட்டை எதுக்கு வந்துச்சு தெரியுமா பாப்பா? அன்னைக்கு இந்த மாடியில..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தெரியும் தாத்தா" என்றாள். "நானும் அப்ப அம்மாகூடத்தானே இருந்தேன்."